ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்? மும்பை வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டோம்.

செம்பூர் வாசகி: பெரியவளுக்கு 7 வயசு, சின்னவனுக்கு 4. கப்பலில் போகணும் என்று இரண்டும் ஒரே நச்சரிப்பு. எலிஃபெண்டா குகைத் தீவுக்குக் கூட்டிப் போனால் சின்னவன் தாங்குவானா? அதைவிடச் சின்னதாக ஏதாவது படகுப் பயணம் இருக்கிறதா?

சின்னவன் தாங்குவான். உங்கள் இடுப்பு தாங்குமா என்றுதான் யோசிக்க வேண்டும். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தீவில் இறங்கினால் படகுத்துறை (ஜெட்டி) நீளமானது. அதில் ஓடும் குட்டி ரயில் படிக்கட்டுக்கு அருகே கொண்டுபோய் விடும். அதன்பின் சுமார் 120 படி ஏற வேண்டும். படிக்கு இருபுறமும் பொம்மைக் கடை, மணிக் கடை, தொப்பிக் கடை. ஒவ்வொன்றிலும் சின்னவன் நிற்பான். பாதி வழியில் 'தூக்கு' என்பான். வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரை எட்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4 வயதுக்கு எங்கள் ஓட்டு, கேட்வேயிலிருந்தே கிளம்பி துறைமுகத்தைச் சுற்றிக்காட்டித் திரும்பும் அரைமணி நேரப் படகுக்குத்தான். பிள்ளைகளுக்குத் தேவை படகும் தண்ணீரும் பெரிய கப்பலும். மூன்றும் இதிலேயே கிடைத்துவிடும். எலிஃபெண்டாவை இரண்டு வருஷம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

இல்லை, போயே தீருவோம் என்றால் இப்படிச் செய்யுங்கள். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை, அன்று கிளம்பாதீர்கள். காலை 9 மணியளவில் படகுகள் புறப்படத் தொடங்கும், முதல் இரண்டு படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். 11 மணிக்கு மேல் வெயிலும் வரிசையும் சேர்ந்துகொள்ளும். டிக்கெட்டைக் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள், போகவர சேர்த்தே தருவார்கள். அந்தத் துண்டுச் சீட்டைத் தொலைத்தால் திரும்பும்போது மறுபடி காசு கொடுக்க வேண்டி வரும். குகைக்குத் தொல்லியல் துறை டிக்கெட் தனி, 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது இலவசம்.

ஏறும் இடத்தில்தான் கவனம் வேண்டும். கேட்வே படிகளின் கீழ்வரிசை பாசி பிடித்து வழுக்கும். சில நேரம் கரையோரம் நிற்கும் படகைக் கடந்து, அதற்கு அடுத்த படகில் ஏறச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் இடைவெளி அலைக்குத் தக்கபடி விரிந்து சுருங்கும். பெரியவர் ஒருவர் முதலில் ஏறி நின்று கை நீட்ட, பிள்ளைகளைப் பின்னாலிருந்து மற்றவர் தூக்கிக் கொடுக்கட்டும். கைப்பை எல்லாம் அதற்குப் பிறகு.

2024 டிசம்பர் 18 அன்று நடந்த படகு விபத்துக்குப் பின் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கையில் கிடைத்ததை மாட்டிவிட்டு உட்காராதீர்கள். மாட்டி, பட்டிகளை இறுக்கி, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறிவந்தால் அது பெரியவர் அளவு. தண்ணீரில் அதுமட்டும் மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த படகில் போகலாம்.

வாந்தி வரும் பிள்ளை என்றால் மேல்தளம் வேண்டாம். கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. கையில் போனைக் கொடுக்காமல் தூரத்தில் தெரியும் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் இருக்கும் போன் ஆடாதது போலக் கண்ணுக்குத் தெரிவதும், உள்காது உணரும் ஆட்டமும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. மாத்திரை கொடுப்பதானால் குழந்தை டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வழியில் காட்ட நிறைய இருக்கிறது: கடற்படைக் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கும் ஜவஹர் தீவு (பழைய ஆட்கள் புட்சர் ஐலண்ட் என்பார்கள்), எதிர்க்கரையில் நவ சேவா துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள். குளிர்காலத்தில் கடற்புறாக்கள் படகோடு பறந்து வரும். பாக்கெட் நொறுக்கை அவற்றுக்கு வீசுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. உப்பும் எண்ணெயும் பறவைக்கு ஆகாது, உங்கள் பிள்ளைகளாவது வீசாமல் இருக்கட்டும்.

தீவில் குரங்குத் தொல்லை உண்டு. அவற்றின் குறி கலர் பானம் இருக்கும் பாட்டிலும், கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையும்தான். எல்லாமே ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் இருக்கட்டும். பறித்துவிட்டால் திரும்பப் பிடுங்கப் போகாதீர்கள், கடித்துவிடும்.

முதல் குகை ஒன்றே போதும். சுமார் 20 அடி உயர மூன்று முகச் சிவன் இருப்பது அதில்தான். உள்ளே நுழைந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழகிய பிறகுதான் இடது, வலது முகங்களின் வேறுபாடு தெரியும்: ஒரு பக்கம் மீசையும் பாம்புமாகக் கோபம், மறுபக்கம் பூவோடு சாந்தம். 7 வயதுப் பெண்ணுக்கு இதைக் கண்டுபிடிப்பது நல்ல விளையாட்டு.

டோம்பிவிலி வாசகர்: ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாலே மெகா பிளாக். குழந்தைகளோடு பிளாட்ஃபாரத்தில் ஒரு மணி நேரம் நிற்பது கொடுமை. எப்படித் தவிர்ப்பது?

தவிர்க்க முடியாது, சுற்றிப் போகத்தான் முடியும். பராமரிப்புக்காக ஞாயிறு பகலில், பெரும்பாலும் 11 மணியை ஒட்டி ஆரம்பித்து மாலை 4 மணிக்கு மேல் வரை, தண்டவாளத்தை எடுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பகுதி என்பது சனிக்கிழமைச் செய்தித்தாளிலேயே வந்துவிடும்.

எல்லா பிளாக்கும் ஒன்றல்ல. சென்ட்ரல் மெயின் லைனில் வேகப் பாதையை மூடினால் வண்டிகளை ஸ்லோ பாதைக்கு மாற்றுவார்கள். தாமதமாகும், நெரியும், ஆனால் வண்டி ஓடும். ஹார்பர் லைனில் அப்படி மாற்ற உபரிப் பாதை கிடையாது. மூடினால் அந்தப் பகுதியில் ரயிலே இல்லை. அன்று ஹார்பர் டிக்கெட்டோடு மெயின் லைனில் போக அனுமதி அறிவிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு மெயின் லைன் என்பதால் தப்பித்தீர்கள். செம்பூர், வாஷி, நெருல்காரர்கள்தான் பார்த்துப் போக வேண்டும்.

கணக்கு சுலபம்: 10.30க்குள் இடத்தை அடையுங்கள், 4.30க்குப் பிறகு திரும்புங்கள். டோம்பிவிலியிலிருந்தே புறப்படும் வண்டியைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். 5 வயதுக்குள் டிக்கெட் வேண்டாம், 5 முதல் 12க்குள் அரை டிக்கெட். பெண்கள் பெட்டியில் 12 வயது வரை பையன்களை ஏற்றலாம். அம்மா, பிள்ளைகள் அங்கும் அப்பா பக்கத்துப் பெட்டியிலும் போவதானால், எந்த ஸ்டேஷன், எந்த மேம்பாலத்துக்கு அருகே சந்திப்பது என்பதை ஏறும் முன்பே பேசிவையுங்கள். லோக்கல் அரை நிமிஷம்கூட நிற்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் பெரியவர் ஒருவர் முன்னால், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். ஒரு பிள்ளை பிளாட்ஃபாரத்தில் நின்றுவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும், அடுத்த ரயிலில் ஏறக்கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். முழங்கையின் உட்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் போன் நம்பர் எழுதுவது அசிங்கமாகத் தோன்றலாம், எழுதுங்கள். ரயில்வே உதவி எண் 139, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டி வேண்டவே வேண்டாம். மேம்பாலப் படிக்கட்டில் அது உங்களுக்கு இன்னொரு குழந்தை.

தாராவி வாசகி: மூன்று பிள்ளைகள். ஒரு நாளுக்கு 300 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாது. ஏதாவது இடம் சொல்லுங்கள்.

300க்குள் தாராளமாக ராணி பாக் போகலாம். பைகுலாவில் இருக்கும் மிருகக்காட்சி சாலைதான் அது. சயான் ஸ்டேஷனிலிருந்து ஸ்லோ லோக்கல், ஆளுக்கு 5 ரூபாய். பைகுலாவில் கிழக்குப் பக்கம் இறங்கினால் நடந்துவிடலாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 100 ரூபாய் டிக்கெட், மூன்றாவது பிள்ளைக்கு 25. பெரியவருக்குத் தனித்தனியாக 50 என்று வாங்கிவிடாமல் 'ஃபேமிலி டிக்கெட்' என்று கேளுங்கள். புதன்கிழமை விடுமுறை.

எல்லோரும் உள்ளே போனதும் பெங்குவினுக்கு ஓடுவார்கள். 2016இல் சியோலிலிருந்து வந்த ஹம்போல்ட் பெங்குவின்கள், தென் அமெரிக்காவின் பெரு, சிலி கடற்கரை இனம். கண்ணாடிக்கு உள்ளே 16 முதல் 18 டிகிரி வைத்திருக்கிறார்கள். ஞாயிறு 11 மணிக்கு மேல் அந்த வரிசை வளைந்து வளைந்து போகும். கதவு திறந்ததும் முதலில் அங்கே போய் முடித்துவிட்டு, பிறகு புலி, நீர்யானை என்று நிதானமாக வாருங்கள். மதியம் பெரிய மிருகங்கள் நிழலில் படுத்துத் தூங்கும், பிள்ளைகள் 'எழுந்திரு' என்று கத்துவதோடு சரி. அந்த நேரத்தில் மரங்களைப் பாருங்கள். இது 1860களில் தாவரத் தோட்டமாகத் தொடங்கிய இடம். நாகலிங்க மரமும், நாலு பேர் கை கோத்தாலும் எட்டாத பொந்தன்புளி மரமும் இருக்கின்றன.

ஒட்டியே இருக்கும் பாவு தாஜி லாட் மியூசியத் தோட்டத்தில் ஒரு கல்யானை நிற்கிறது. எலிஃபெண்டா தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் இந்த யானைதான். இங்கிலாந்துக்குக் கொண்டுபோக 1864இல் தூக்கியபோது கிரேன் முறிந்து யானை துண்டு துண்டாகி, 1914இல் இங்கே ஒட்டி நிறுத்தினார்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டுத் தெரியும்.

தொலைவே போக முடியாத நாளில், உங்கள் பேட்டை டிப்போவுக்கு எதிரே இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்கை மறந்துவிடாதீர்கள். குப்பை கொட்டிய மேட்டில் மரம் நட்டு வளர்த்த 37 ஏக்கர் காடு, 1994இல் திறந்தார்கள். மழை ஓய்ந்த செப்டம்பர் முதல் நவம்பர் வரை பட்டாம்பூச்சி அள்ளும். முழுக்கை சட்டை போட்டு அனுப்புங்கள், கொசு உண்டு.

நெருல் வாசகர்: பூநாரை பார்க்கப் போனோம், ஒன்றுகூட இல்லை. அடுத்த வாரம் போனவர்கள் ஆயிரக்கணக்கில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். என்ன ரகசியம்?

ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பார்க்காமல் போயிருக்கிறீர்கள். பூநாரை இரை தேடுவது சேற்றில். தண்ணீர் வற்றியதும் தாணே கழிமுகம் முழுக்கச் சேறு வெளிப்படும், பறவைகள் அங்கே பரவிவிடும். தண்ணீர் ஏறினால் சேறு மூழ்கும், நிற்க இடமில்லாமல் நெருல், சீவுட்ஸ் பக்கத்து ஆழமில்லாத நீர்நிலைகளுக்கு வந்துவிடும். ஆகவே உங்கள் வீட்டுப் பக்க ஏரிக்கு ஹை டைட் நேரத்தில் போக வேண்டும். சிவ்ரி ஜெட்டியில் கதை வேறு. அங்கே தண்ணீர் பாதி வற்றிய நேரம், அதாவது ஹை டைடுக்கு இரண்டு மூன்று மணி முன்போ பின்போ. முழுக்க வற்றிவிட்டால் பறவைகள் தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும்.

நேரத்தைச் செய்தித்தாளில் பார்க்கலாம். அதுகூட வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி அன்று ஹை டைட் நண்பகலை ஒட்டி வரும். அடுத்தடுத்த நாளில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை தள்ளிப்போகும். பஞ்சமி வாக்கில் பிற்பகல் 4 மணி, அஷ்டமியில் மாலை 6 மணி சுமாருக்கு. பிள்ளைகளோடு நெருல் ஏரிக்குப் போகத் தோதான நாள் பஞ்சமி, சஷ்டிதான்: வெயில் தாழ்ந்திருக்கும், தண்ணீரும் ஏறியிருக்கும். டிசம்பர் முதல் மே வரை பருவம்.

படகில் போய்ப் பார்க்க ஐரோலியில் வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையம் இருக்கிறது. 2015இல் சரணாலயமாகி, 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த தாணே கழிமுகத்துக்குள் அழைத்துப் போவார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் படகு தரைதட்டும் என்பதால் புறப்படும் நேரம் தினமும் மாறும். முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள். எங்கே பார்த்தாலும் ஒன்று மட்டும்: பிள்ளையைச் சேற்றில் இறக்காதீர்கள். காய்ந்த மேல்தோலுக்குக் கீழே முழங்கால் வரை இழுக்கும்.

மாட்டுங்கா வாசகி: தென்காசியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். அத்தைக்கு முட்டி வலி. 5 வயதுப் பேரனையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் என்னென்ன காட்டலாம்?

'என்னென்ன' என்பதை விட்டுவிடுங்கள், ஒன்றைக் காட்டுங்கள். அத்தைக்குப் படி ஆகாது என்பதால் எலிஃபெண்டாவும் கன்ஹேரி குகையும் போய்விட்டன (எலிஃபெண்டாவில் டோலி நாற்காலி தூக்குவோர் உண்டு, ஆனால் படகில் ஏறி இறங்குவதே சிரமம்).

காலையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரஹாலயா. நம்மவர்கள் இன்னும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்கிறார்கள், டாக்சிக்காரருக்கும் அதுதான் புரியும். காலை 10.15க்குத் திறக்கும். வளாகத்துக்குள்ளேயே 2019இல் தொடங்கிய குழந்தைகள் மியூசியம் இருக்கிறது. மாமனார் சிற்பம் பார்க்கட்டும், அத்தை மரத்தடி பெஞ்சில் உட்காரட்டும், பேரனை நீங்கள் அங்கே கூட்டிப் போங்கள். மெட்ரோ 3இல் வந்தால் ஹுதாத்மா சௌக் நிலையத்தில் இறங்கலாம், லிஃப்ட் இருப்பதால் முட்டிக்குச் சேதமில்லை.

மதியம் வெளியே சாப்பாடு தேடி அலையாதீர்கள். வீட்டுக்கு வந்து படுத்து எழுந்து, மாலை 5 மணிக்கு மரைன் டிரைவ். மேற்கு நோக்கிய கரை, சூரியன் கடலில் இறங்குவதைப் பெரியவர்கள் ரசிப்பார்கள். இடையில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலிருந்து நாரிமன் பாயின்ட் பக்கம் போகும் ஏ.சி. டபுள் டெக்கர் பஸ்ஸில் பேரனை மாடியில் உட்கார வைத்தால், அவன் ஊர் திரும்பி எல்லோரிடமும் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

முலுண்டு வாசகர்: ஜூலையில் மழையோ மழை. வீட்டுக்குள் அடைத்து வைக்கவும் முடியவில்லை. எங்கே போவது?

வொர்லியில் நேரு சயின்ஸ் சென்டர். ஹோலி, தீபாவளி தவிர எல்லா நாளும் உண்டு, மெட்ரோ 3இல் 'சயின்ஸ் சென்டர்' என்றே நிலையம் இருக்கிறது. 6 வயதுக்கு மேல் என்றால் நாலு மணி நேரம் போவதே தெரியாது. அங்கிருந்து நேரு கோளரங்கமும் பக்கம், ஆனால் அதற்குத் திங்கள் விடுமுறை. காட்சி எந்த மொழியில் என்று கேட்டு டிக்கெட் வாங்குங்கள், மராத்தி, இந்தி, ஆங்கிலம் மாறி மாறி வரும்.

மழைநாளிலும் காலண்டர் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நண்பகல் ஹை டைட் நாலரை மீட்டரைத் தாண்டும். அந்த நேரம் கனமழையும் சேர்ந்தால் வடிகால் தண்ணீர் கடலுக்குள் இறங்க முடியாமல் ஊருக்குள்ளேயே நிற்கும். சயான், கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா மூன்றும் முதலில் மூழ்கும், தண்டவாளமும் கூட. அன்று வொர்லி வேண்டாம், பக்கத்து மாலே போதும்.

சயான் கோலிவாடா வாசகி: ஜூஹுவில் பையன் காலில் நீலமாக ஏதோ சுற்றி, துடித்துவிட்டான். மண்ணைப் போட்டுத் தேய்த்தோம். சரியா?

தேய்த்தது தவறு. அது புளூ பாட்டில், மழைக்காலக் காற்று கரையில் ஒதுக்கும் ஜெல்லி மாதிரியான உயிரி. தோலில் ஒட்டிய நூலில் வெடிக்காத கொட்டுமுனைகள் இன்னும் இருக்கும். தேய்த்தால் அவையும் வெடித்து விஷம் இறங்கும். கடல் தண்ணீரால் கழுவி, துணியாலோ கிடுக்கியாலோ நூலை எடுத்துவிட்டு, தோல் தாங்கும் அளவு சூடான தண்ணீரில் 20 நிமிஷம் காலை வைத்திருங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. கரையில் செத்துக் கிடக்கும் நீலக் குமிழியும் கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜூஹு, சௌபாட்டி மணலில் பிள்ளைகள் செருப்போடு நடக்கட்டும்.

வாஷி வாசகி: கையில் என்ன சாப்பாடு எடுத்துப் போவது?

புளியோதரை. தயிர் சாதம் வேண்டாம், மும்பைப் புழுக்கத்தில் 11 மணிக்கே புளித்துவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, மாற்று டிரவுசர் ஒன்று.